நல்ல தண்ணீர்

மறுபடியும் உரசுகிறது. ஒரு விலாவைப் பாறையில் வைத்து ஒரு இழுப்பு, சுற்றி வந்து மறு விலாவை வைத்து இன்னொரு இழுப்பு. உரசு, நன்றாக உரசு, தோல் உரிந்து தொங்குகிற வரைக்கும் உரசு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திலகவதி வலையும் கையுமாகத் தொட்டிக்கு முன்னால் நின்றாள். ஹாலில் ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டிருந்த கடல் மீன் தொட்டி அது. அதற்கென்று தனி விளக்கு, தனி மோட்டார், தண்ணீரைக் குளிர வைக்கத் தனி மிஷின். வீட்டு மனுஷிக்கு ஒரு டேபிள் ஃபேன். வெளியில் அயனாவரம் முழுக்கக் கத்திரி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தொட்டிக்கு நேர் எதிரில் கட்டில், கட்டிலில் அவள் புருஷன் ஞானசம்பந்தம். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போய், "அ" என்கிற ஒரே எழுத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர். கட்டிலை உள்ளறையில் போடலாம், ஹாலென்றால் போகிறவர் வருகிறவர் பார்வை படும் என்று அவள் அண்ணன் தாமோதரன் சொன்னதற்கு, அந்த ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு வீட்டை இரண்டாக்கிவிட்டார். மீன் தெரிகிற இடத்தில்தான் படுப்பார். சரி, படுங்கள், உங்கள் நீலு உரசுவதைக் கண் குளிரப் பாருங்கள். நீலு என்பது மீனின் பெயர். கை அகலம் இருக்கும், மயில் கழுத்து நீலம், வாலில் மட்டும் மஞ்சள். கல்யாணமான நாளிலிருந்து திலகவதியைத் திலகவதி என்று அவர் கூப்பிட்டதில்லை. ஏய், இந்தா, இவளே, அத்தோடு சரி. மீனுக்குப் பெயர் வைத்தார். அந்த நீலத்தின் மேல் இப்போது ரவையைத் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள், உரசின இடமெல்லாம் சாம்பல், ஒரு கண்ணில் மூட்டம். "அ" என்றது கட்டில். அவருக்கும் அரிக்கிறது போல. படுத்தே கிடக்கிற முதுகு, அடியில் ரப்பர் ஷீட், இந்த வெயில், வேர்க்குரு பொரிந்து கிடக்கிறது. இடது கை கொஞ்சம் எழும், முதுகுக்கு எட்டாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். "இருங்க, வரேன்" என்றாள், போகவில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடிய காலம் ஒன்று இருந்தது. இப்போது கொஞ்சம் தாமதித்துத்தான் போகிறாள். அந்தத் தாமதத்தில் ஒரு ருசி இருந்தது. அந்த ருசி அவளுக்கே பயமாக இருந்தது, ஆனாலும் விட மனசு வரவில்லை.

இந்தக் கைகள். வலைக்காம்பைப் பிடித்திருந்த விரல்களின் இடுக்கைப் பார்த்தாள். சின்ன வயசிலிருந்து கரப்பான். மழை வந்தால் நீர் கட்டும், வெயில் வந்தால் வெடிக்கும், புளி கரைத்தால் உயிர் போகும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா மருதாணி அப்பி மறைத்துவிட்டாள். மருதாணி எத்தனை நாள் நிற்கும். முதல் ராத்திரி அவர் அவள் கையை எடுத்தார், விளக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார், "இது ஒட்டுமா?" என்று கேட்டார். ஒட்டாது என்றாள். எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சோப்புப் போட்டு, விரல் விரலாக. அந்தக் குழாய்ச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, எத்தனையோ குழாய்ச் சத்தம் அதற்குப் பிறகு கேட்டும் அதுதான் இருக்கிறது. தோல் டாக்டர் ஒருவருக்கு மூன்று பேர் ஒட்டாது என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்றார். விருந்தாளி வந்தால் காபியைத் தட்டில் வைத்து அவள் சமையலறை வாசலோடு நின்றுகொள்ள வேண்டும், தட்டை அவர் வாங்கிப் போவார். துறைமுகத்தில் சரக்குக் கம்பெனி மேனேஜர், வருகிறவர்களும் பெரிய மனுஷர்கள். "இவ கைய வெச்சா மீனுக்குக்கூட சொறி வந்துரும் சார்" என்பார், அவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஏன் சிரித்தாள். அதுதான் இப்போதும் ஆறவில்லை, அவர் சொன்னதைவிட அவள் சிரித்தது. தொட்டிக்குள் அவள் கை படக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். கண்ணாடியை வெளியில் துடைக்கலாம், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு. பிள்ளை? பிள்ளை வேண்டாம் என்று அவர் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டே சொன்னார். "பொறந்தா அதுக்கும் சொறி வரும். காலம் பூரா அது சொறிஞ்சிக்கிட்டு நிக்கிறத நான் பாக்கணுமா?" அவள் இன்னொரு பஜ்ஜி எடுத்து வைத்தாள். பிறகு ஒவ்வொரு வருஷமும் சண்டை போடலாம் என்று நினைத்தாள், வருஷம்தான் போயிற்று. ஊரார் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயசில் இவர் தொட்டி வாங்கினார். உப்பு மூட்டை வந்து இறங்கியது, ராமேஸ்வரம் பக்கத்துப் பாறை என்று சொல்லி என்னமோ வந்தது, ராத்திரியெல்லாம் உப்பு கலந்து அளந்து கலந்து அளந்து, கடலையே பெற்றெடுக்கிறவர் மாதிரி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், அவர் உப்பிட்டது மீனுக்கு, மீன் நினைத்துக்கொள்ளட்டும். "அ" என்றார். இருங்க என்றாள். சாம்பல் விலா பாறையில் இன்னொரு முறை உரசிப் போயிற்று.

வலையை இறக்கினாள். முழங்கை வரைக்கும் உப்புத் தண்ணீர் ஏறியதும் வெடிப்புகள் ஒவ்வொன்றும் வாய் திறந்து கத்தின. கையுறை போடவில்லை. போடலாம் என்று எடுத்தாள், அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் போடாமல் வைத்தாள். பார்க்கட்டும். வேறொரு விஷயமும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை: அவர் விழுந்த நாளிலிருந்து கரப்பான் பாதி ஆறிவிட்டது. நீலு மூலைக்கு ஓடியது, பாறைக்குப் பின்னால் நுழைந்தது, வந்தது, ஓட வலு இல்லை, வலைக்குள் தானாக விழுந்த மாதிரி விழுந்தது. வாலடியில் முள் இருக்கிறது, கத்தி மாதிரி கீறும், அவர் கையில் ஒரு தழும்பு உண்டு, அதை எல்லோருக்கும் காட்டுவார். ஸ்டூலின் மேல் வாளி. வாளியில் நல்ல தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா, தொட்டிக்குள் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு குளிர்ச்சி. காலையில் கொளத்தூர் மீன் கடைக்காரர் போனில் சொன்னது அது. "ரெண்டும் சேந்து வந்திருக்குமா. தோல்ல பூச்சி ஒட்டியிருக்கு, மேல வெள்ளைப் புள்ளியும் இருக்கு. மொதல்ல கொஞ்ச நேரம் நல்ல தண்ணியில வுடுங்க, பூச்சி கொட்டிரும். அப்பறம் தனித் தொட்டியில போட்டு செம்பு மருந்து ஊத்துங்க. பெரிய தொட்டியில மட்டும் ஒரு சொட்டு ஊத்திராதீங்க. மீனுக்குத்தான் அது மருந்து, அனிமோனுக்கும் இறாலுக்கும் வெஷம்." பிறகு வைக்கப் போனவர் மறுபடியும், "நல்ல தண்ணி பிளாஸ்டிக் கேன்லதான வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றாள், அப்போது அவள் கை சிங்க்குக்கு அடியில் இருந்த வெள்ளைக் கேனின் மேல்தான் இருந்தது. பிளாஸ்டிக் கேன்தானே. ஏன் அப்படிக் கேட்டார். மீனை வாளிக்குள் விட்டாள். ஒரு துள்ளல், இரண்டு துள்ளல், அப்புறம் செத்தது போல ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. செவுள் மட்டும் திறந்து மூடித் திறந்து மூடி. பயப்படக் கூடாது, அப்படித்தான் படுக்கும் என்று புருஷனுடைய குரல் உள்ளே சொன்னது, பழைய குரல், முழுக் குரல். உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வளர்ந்த பூச்சிக்கு நல்ல தண்ணீர் தாங்காது, வீங்கி வெடித்துப் போகும். மீனுக்கும் தாங்காது, ஆனால் பூச்சியைவிடக் கொஞ்ச நேரம் கூடத் தாங்கும். யார் முதலில் சாகிறார்கள் என்று பார்க்கிற பந்தயம்தான் வைத்தியம் என்பார். இந்தத் தொட்டிக்கும் அவளுக்கும் நடுவில் இத்தனை வருஷம் நடந்ததும் அதுதான் என்று திலகவதிக்குப் பட்டது.

பழைய நாளில் ஒரு மீனை அவர் இப்படிக் குளிப்பாட்டுகிறதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். தண்ணீரை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார், பச்சைப் பிள்ளைக்குப் பால் பார்க்கிற மாதிரி. மீனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஏந்திக்கொண்டார், அழுத்தாமல், விடாமலும். "வலிக்குதாடா கண்ணு, தோ ஆயிடிச்சி, தோ ஆயிடிச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் அவரிடம் இருந்தது அன்றைக்குத்தான் தெரியும். அவரிடம் இல்லாத ஒன்றை அவர் தரவில்லை என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லாதவனிடம் என்ன கேட்க முடியும், கல்லில் நார் உரிக்கவா முடியும் என்று தன்னையே சமாதானம் செய்து ஒரு கட்டடம் கட்டி வைத்திருந்தாள். இருந்திருக்கிறது. அத்தனையும் இருந்திருக்கிறது. அந்த உள்ளங்கை, அந்தக் கண்ணு, அந்தத் தோ ஆயிடிச்சி. சொறி பிடித்த உடம்பைக் கையில் ஏந்த அவருக்கு அருவருப்பே இல்லை, மீனாக இருந்தால். அன்றைக்கு அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது, அதற்கும் திட்டு வாங்கினாள். இப்போது வாளிக்குள் குனிந்து பார்த்தாள். கண்ணுக்கே தெரியாமல் தோலோடு தோலாக ஒட்டியிருந்தவை ஒவ்வொன்றாக வெள்ளை பூத்து உதிர்ந்து வாளியடியில் எள் மாதிரி படிந்தன. அடேயப்பா, இத்தனையா. இத்தனையையும் சுமந்துகொண்டா நீந்திக்கொண்டிருந்தாய். ஒரு நிமிஷம் அந்த மீனின் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது, உண்மையான இரக்கம். கையை விட்டு ஏந்திக்கொள்ளப் போனாள். மோதிரம். இடது கையில் செம்பு மோதிரம் இருந்தது, அதைக் கழற்றி ஸ்டூலின் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் கையை விட்டாள். மீன் வழுவழுவென்று உள்ளங்கையில் வந்து படுத்தது, செவுள் அடிப்பது விரலில் தட்டியது. ஏன் கழற்றினேன். யாரும் கழற்றச் சொல்லவில்லையே.

சொன்னார்கள். எப்போதோ சொன்னார்கள். அண்ணன் தாமோதரனுடைய மோதிரம் அது. தொட்டி வந்த புதிதில் பார்க்க வந்தவர் ஆசையாகக் கையை உள்ளே விடப் போக, இவர் பாய்ந்துபோய் மணிக்கட்டைப் பிடித்தார். "மச்சான், மொதல்ல மோதிரத்தக் கழட்டுங்க. செம்பு. ஒரு பொட்டு தண்ணியில கரைஞ்சாலும் அனிமோன் போயிரும்." அண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. கழற்றியதைத் திரும்பப் போடாமல் அவளிடம் கொடுத்து, நீயே போட்டுக்கோ, தோலுக்கு நல்லதாம் என்று சொல்லிவிட்டுப் போனவர் அந்த வருஷத் தீபாவளிக்கு வரவில்லை. அனிமோன் என்பது தொட்டிக்கு நடுவில் பாறையில் ஒட்டிக்கொண்டு நூறு விரலை விரித்து ஆட்டிக்கொண்டிருக்கும் பிராணி, பூ மாதிரி இருக்கும், பூ இல்லை. அதன் மடியில்தான் ஆரஞ்சு மீன் ஜோடி தூங்கும். திலகவதி வாளியிலிருந்து தலையைத் தூக்கித் தொட்டியைப் பார்த்தாள். விரலெல்லாம் சுருங்கி, நடு வாய் பிதுங்கி, பிழிந்து போட்ட துணி மாதிரி கிடந்தது. ஆரஞ்சு ஜோடி எங்கே தூங்குவது என்று தெரியாமல் மேலே தத்தளித்தது. வெயில் என்று நினைத்தாள். குளிர வைக்கிற மிஷின் சரியாக ஓடவில்லை என்று நினைத்தாள். அதற்கு முன்னால் இறால்கள் செத்தன. மீன்களின் மேல் ஏறிப் பூச்சி பொறுக்கித் தின்னும் இறால்கள், சிவப்பு வரி போட்டவை, ஒன்றன்பின் ஒன்றாகக் காலை மடக்கிக்கொண்டு விழுந்தன. பொறுக்க ஆள் போனதும் பூச்சி பெருகிவிட்டது. இறால் ஏன் செத்தது. பிளாஸ்டிக் கேன்தானே. ஆமாம். காலையில் தொட்டிக்கு ஊற்றுகிறேனே, ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்குப் பதில், அது கேன் தண்ணீர்தானே. கேன் தண்ணீர்தான். கேனிலிருந்து பிடித்துக் குடத்தில் ஊற்றி, குடத்திலிருந்து. அது வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், மீன் கையில் இருக்கிறது, மீனைப் பார். செவுள் மெதுவாக அடிக்கிறது. எது முதலில் சாகும், பூச்சியா மீனா. குடம் சமையலறை மேடையில் இருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது, நேற்றுத்தான் புளி போட்டுத் தேய்த்தாள், கை எரிந்தது, தகதகவென்று இருக்கிறது. அவளுடைய அம்மா வீட்டுச் சீர். செம்புக் குடம்.

ராத்திரி செம்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரைக் காலையில் வெறும் வயிற்றில் குடிப்பது அவருடைய பழக்கம். அவள் கொண்டுவந்த சீரில் அவர் மெச்சிய ஒரே சாமான் அந்தக் குடம்தான். செம்பு ரத்தத்தைச் சுத்தம் பண்ணும், தோல் பளபளக்கும் என்று அடுத்த வீட்டுக்காரர் வரைக்கும் பிரசங்கம் செய்வார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வெறும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும், கெட்டியாகக் கஞ்சிதான் ஸ்பூனில் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பழகின கை ராத்திரியானால் குடத்தை நிரப்பிவிடும். காலையில் ஒரு குடம் நல்ல தண்ணீர், குடிக்க ஆள் இல்லை. மெட்ராஸில் பிறந்தவள் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவாளா. தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. மனுஷன் குடித்து உடம்பு தேறுகிற தண்ணீர் மீனுக்கு ஆகாமல் போகுமா என்று ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். மீனைக் குணப்படுத்தப் போதாத, மற்றதைக் கொல்லப் போதுமான செம்பு. அப்புறம், அப்புறம் ஒன்று இருக்கிறது, அதுதான் இவ்வளவு நேரமாக உள்ளே இடறிக்கொண்டிருந்தது. அவர் கத்தினார். ஒவ்வொரு காலையும் அவள் குடத்தைத் தூக்கித் தொட்டி விளிம்பில் சாய்க்கிறபோது கட்டிலிலிருந்து "அ, அ, அ" என்று கத்தினார். இடது கை காற்றைக் கிழித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. முதுகு அரிக்கிறது போல என்று அவள் குடத்தை வைத்துவிட்டு வந்து, ஒருக்களிக்க வைத்து, பழைய சீப்பால் சொறிந்து விட்டாள். இன்னும் கத்தினார், இன்னும் சொறிந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, பாவம் என்ன அரிப்போ என்று பவுடர் போட்டாள். சொறியச் சொறிய அவர் அழுதிருக்கிறார். முதுகைச் சொறிந்துகொண்டே அவருடைய கடலைக் கொன்றிருக்கிறாள். திலகவதிக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு, வாயைக் கடித்து அடக்கினாள், உடம்பு குலுங்கியது. உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தது நின்றுபோயிருந்தது. ஐயோ என்று மீனை வாரி எடுத்துக்கொண்டு பக்கத்தில் தயாராக இருந்த தனித் தொட்டிக்கு ஓடினாள். உப்புத் தண்ணீரில் விட்டாள். மிதந்தது. கையால் முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளினாள், செவுளுக்குள் தண்ணீர் போக வேண்டும், தோ ஆயிடிச்சி, தோ ஆயிடிச்சி, அவள் வாய்தான் சொன்னது, யார் குரல் அது. செவுள் ஒரு தடவை திறந்தது. இன்னொரு தடவை. வாலை ஆட்டி அவள் கையைக் கீறிவிட்டு மூலைக்குப் போய் நிமிர்ந்து நின்றுகொண்டது. பிழைத்துவிட்டது. அவர் வாங்கிய தழும்பு மாதிரியே விரலில் ரத்தக்கோடு.

கையைத் துடைக்காமல் கட்டிலுக்கு வந்தாள். அவர் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தனித் தொட்டியில் அது நிமிர்ந்து நிற்பதை. பிறகு கண் திரும்பி அவளிடம் வந்தது, அவளைத் தாண்டிச் சமையலறைக்குப் போயிற்று, குடத்தில் நின்றது, திரும்பி அவளிடம் வந்தது. "அந்தக் கொடத்துக்குத்தான் தெனமும் கத்தினீங்களா?" என்று கேட்டாள். அவர் முகத்தில் உயிருள்ள பாதி அப்படியே உடைந்தது. "அ" என்றார், மெதுவாக, நீளமாக, கத்தாமல். கண்ணிலிருந்து கொட்டியது. கடைசியில் புரிந்துகொண்டாள், இந்த மண்டுக்குப் புரிந்துவிட்டது, இனி ஊற்ற மாட்டாள், தண்ணீரை மாற்றுவாள், அனிமோன் பிழைக்கும், ஒருவேளை பிழைக்கும். எழுத்து ஒன்றுதான் என்றாலும் அத்தனையும் அதில் இருந்தது, அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. மாற்றலாம்தான். கொளத்தூர்க்காரரைக் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் ஆள் அனுப்புவார், செம்பை இழுக்கிற கரி மாதிரி ஏதோ போடுவார்கள். முதன்முதலாக இந்த மனுஷர் அவளிடம் ஒன்றைக் கேட்கிறார். கேட்டு அழுகிறார். முப்பது வருஷத்துக் கோபம் என்று சொல்கிறோமே, அது இந்த இடத்தில் கொஞ்சம் இளகியது, பொய் சொல்லக்கூடாது. போனை எடுக்கத்தான் நினைத்தாள். போகிற போக்கில் கன்னத்தில் வழிந்து காதுக்குள் இறங்குகிறதே என்று, உப்பு காய்ந்துகொண்டிருந்த வெறுங்கையை நீட்டி அவர் கண்ணைத் துடைக்கப் போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யோசித்துச் செய்யவில்லை, அந்தக் கை கிட்டே வந்ததும் கண் இறுக மூடி, உதடு உள்ளே போய், தலை தலையணைக்குள் பின்வாங்கியது. பாதி உடம்பு செத்துப்போயிருந்தது, பேச்சு செத்துப்போயிருந்தது, இது மட்டும் சாகவில்லை, முதல் ராத்திரி இருந்த வேகத்தோடு இருந்தது. கை அந்தரத்தில் நின்றது. எங்கேயோ குழாய்ச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தவருக்கே தான் செய்தது தெரிந்துவிட்டது. "அ" என்றார் அவசரமாக. "அ, அ."

திலகவதி சமையலறைக்குப் போனாள். குடம் கனத்தது, காலையில் மீன் வேலையில் ஊற்ற மறந்துபோன குடம், விளிம்பு வரைக்கும் இருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள், சின்ன வயசில் குழாயடியிலிருந்து வருகிற மாதிரி. அவர் பார்க்கிறார் என்று தெரியும். பார்க்கத்தானே அங்கே படுத்திருக்கிறார். ஸ்டூலின் ஓரத்தில் இருந்த மோதிரத்தை எடுத்து முதலில் அதைத் தொட்டிக்குள் போட்டாள். சுழன்று சுழன்று போய் அனிமோனின் சுருங்கின வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பிறகு குடத்தை விளிம்பில் சாய்த்தாள். மெதுவாக ஊற்றினாள், சிந்தாமல், தண்ணீரை மதிக்கிறவள் ஊற்றுகிற மாதிரி. "செம்புத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுங்க" என்றாள். "நீங்கதான சொல்லுவீங்க, தோல் பளபளன்னு ஆயிடும்னு." கட்டிலிலிருந்து வந்த சத்தத்தில் ஆரஞ்சு ஜோடி மிரண்டு பாறைக்குள் போயிற்று. கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றிவிட்டுக் குடத்தைத் தரையில் வைத்தாள். போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவரை ஒருக்களித்து, தொட்டியைப் பார்த்த மாதிரி நன்றாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். சட்டையைத் தூக்கினாள். சீப்பைத் தேடவில்லை. ஈரக் கையை, வெடிப்பும் ரத்தக்கோடும் உப்புமாக, முழுசாக அவர் முதுகில் வைத்தாள். முதுகு துடித்து ஒடுங்கியது, ஒடுங்க இடமில்லை.

"எங்க அரிக்குது? இங்கயா?"

"அ" என்றார்.

"இங்கயா?"

"அ, அ, அ."

இங்கேதான் போலிருக்கிறது என்று அவள் சொறிந்துகொண்டே இருந்தாள்.